பந்தைத் தொடலாம், குவளையைத் தொடக்கூடாது: பல்வாங்கர் பாலுவின் வாழ்க்கை

1890-களில் பூனா நகரின் ஒரு கிரிக்கெட் திடல். ஆட்டத்தில் தேநீர் இடைவேளை. இந்துக்கள் குழுவின் பதினொரு வீரர்களில் பத்துப் பேர் ஓய்வுக் கூடத்துக்குள் சென்று பீங்கான் கோப்பையில் தேநீர் அருந்துகிறார்கள். பதினொன்றாவது ஆள் உள்ளே போகவில்லை. அவருக்கு வெளியே, மண் குவளையில் தேநீர் கொடுக்கப்படுகிறது. குடித்து முடித்ததும் அந்தக் குவளையை உடைத்து எறிந்துவிட வேண்டும்.

இடைவேளை முடிகிறது. ஆட்டம் மீண்டும் தொடங்குகிறது. இப்போது எல்லாருடைய கண்ணும் அந்தப் பதினொன்றாவது ஆளின் மீதுதான். அவர் பந்து வீசினால்தான் குழு வெல்லும். அவர் கையிலிருந்து வந்த பந்தை மற்ற பத்துப் பேரும் தொட்டுப் பிடிக்கிறார்கள், எறிகிறார்கள். பந்துக்குத் தீட்டு இல்லை. குவளைக்குத்தான் தீட்டு.

அந்தப் பதினொன்றாவது ஆளின் பெயர் பல்வாங்கர் பாலு. இந்தியாவின் முதல் பெரும் சுழல் பந்து வீச்சாளர் என்று கிரிக்கெட் வரலாற்று ஆய்வாளர்கள் அவரைக் கூறுகிறார்கள். தம் காலத்தில் பம்பாய் மக்கள் அனைவரும் அறிந்த மனிதராக வாழ்ந்த அவர், மறைந்த பின் வெகு காலம் மறக்கப்பட்டிருந்தார். வரலாற்று ஆய்வாளர் இராமச்சந்திர குஹா 2002-இல் எழுதிய நூலுக்குப் பிறகே இன்றைய தலைமுறை அவரை ஓரளவு அறியத் தொடங்கியது.

திடல் கூட்டிய சிறுவன்

பாலு 1870-களின் நடுவில் இன்றைய கர்நாடக மாநிலத்தின் தார்வாட் நகரில் பிறந்தார். பூர்வீகம் கொங்கணக் கடற்கரையில் ரத்தினகிரி வட்டாரத்தின் பல்வண் கிராமம். பல்வாங்கர் என்ற குடும்பப் பெயர் அந்த ஊர்ப் பெயரிலிருந்து வந்தது. சமார் என்று அழைக்கப்பட்ட, தோல் தொழில் செய்யும் சாதியில் பிறந்தவர் அவர். செத்த மாட்டின் தோலைத் தொடுகிறவர்கள் என்பதால் ஊர் அவர்களைத் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கி வைத்திருந்தது.

தந்தைக்கு பிரிட்டிஷ் இராணுவத்தில் வேலை. அதனால் குடும்பம் பூனாவுக்குக் குடிபெயர்ந்தது. பூனா அந்நாளில் பெரிய இராணுவ நகரம். ஆங்கில அதிகாரிகள் மாலை வேளைகளில் கிரிக்கெட் ஆடுவார்கள். அவர்கள் ஆடித் தேய்ந்து ஒதுக்கிய மட்டையும் பந்தும் பாலுவுக்கும் அவர் தம்பி சிவராமுக்கும் விளையாட்டுப் பொருள்களாயின. பயிற்சி மையமும் கிடையாது, பயிற்றுநரும் கிடையாது. வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

பாலு அதிகம் படிக்கவில்லை. இளம் வயதிலேயே குடும்பத்துக்காக வேலைக்குப் போனார். பார்சி சமூகத்தார் நடத்திய கிரிக்கெட் திடலைக் கூட்டிப் பெருக்குவதும், ஆடுகளத்தை உருளையால் சமன் செய்வதும் அவர் வேலை. சம்பளம் மாதம் 3 ரூபாய். பயிற்சிக்கு வரும் உறுப்பினர்களுக்கு அவ்வப்போது பந்து வீசுவதும் அந்த வேலையில் அடக்கம்.

1892 வாக்கில் அவர் ஐரோப்பியர்களின் பூனா மன்றத்துக்கு மாறினார். சம்பளம் 4 ரூபாயாக உயர்ந்தது. ஆடுகளத்தைச் சீராக்க வேண்டும், கோடு போட வேண்டும், வலை கட்ட வேண்டும். நேரம் இருந்தால் டென்னிஸ் திடலுக்கும் கோடு போட வேண்டும். அங்கேதான் ஓர் ஆங்கிலேயர் பாலுவின் கையில் பந்தைக் கொடுத்து, முறையாக வீசிப் பழகச் சொன்னார்.

எட்டணா பந்தயம்

பாலு இடது கைப் பந்து வீச்சாளர். விரல்களால் பந்தைச் சுழற்றி மெதுவாக வீசுவார். தரையில் பட்டதும் பந்து வலது கை மட்டையாளரை விட்டு விலகி வெளியே திரும்பும். மட்டையாளர் நேராக வருகிறது என்று நம்பி மட்டையை நீட்டுவார். பந்து மட்டையின் ஓரத்தை உரசிக்கொண்டு பின்னால் நிற்பவரின் கைக்குப் போகும். இந்த வகைப் பந்து வீச்சில் வலிமையை விடப் பொறுமைக்கே வேலை அதிகம்.

அந்தப் பொறுமையை வளர்த்தவர் ஜே.ஜி. கிரெய்க் என்ற இராணுவ அதிகாரி. பூனாவிலிருந்த ஐரோப்பியர்களில் தலைசிறந்த மட்டையாளர் அவர். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்ட அணிக்கும் பின்னாளில் ஆடியவர். மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே திடலுக்கு வந்து, பாலுவைப் பந்து வீசச் சொல்லிப் பயிற்சி செய்வது அவர் வழக்கம். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் கிரெய்க் பாலுவுக்கு எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. எட்டணா என்றால் அரை ரூபாய். எட்டு முறை வீழ்த்திவிட்டால் ஒரு மாதச் சம்பளம்!

கதை எப்படியிருந்தாலும், அந்தப் பயிற்சி உண்மை. நாள்தோறும் மணிக்கணக்கில், நல்ல மட்டையாளர்களுக்கு எதிராக வீசி வீசி பாலுவின் கை பழகியது. ஆனால் அந்த மன்றத்தில் அவருக்கு மட்டை பிடித்து ஆடும் வாய்ப்பு ஒருநாளும் கொடுக்கப்படவில்லை. பந்து வீசுவது வேலைக்காரன் வேலை, மட்டை பிடிப்பது கனவான்களின் வேலை என்பது அன்றைய எண்ணம்.

குழுவில் சேர்த்தார்கள், பந்தியில் சேர்க்கவில்லை

பூனாவில் ஐரோப்பியர்களுக்கு எதிராக ஆடிய இந்துக்களின் குழு ஒன்று இருந்தது. ஐரோப்பியர்களை வெல்ல வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு நிறைய. அதற்கு ஏற்ற பந்து வீச்சாளர் அந்த ஐரோப்பியர்களின் திடலிலேயே வேலை செய்கிறார் என்ற செய்தி பரவியது. ஆனால் அவர் தீண்டத்தகாதவர். என்ன செய்வது?

குழுவுக்குள் விவாதம் நடந்தது. பிராமண வீரர்களில் சிலர் எதிர்த்தார்கள், சிலர் ஆதரித்தார்கள். பாலுவைப் போன்ற ஒருவரை விட்டுவிடுவது இந்துக்களின் மடமை என்ற பொருள்பட கிரெய்க் கருத்துச் சொன்னதாகவும் கூறப்படுகிறது. கடைசியில் வெற்றியின் ஆசை வென்றது. பாலு குழுவில் சேர்க்கப்பட்டார்.

ஆனால் அந்தச் சேர்க்கை எல்லைக்கோட்டுக்கு உள்ளே மட்டும்தான். மண் குவளைத் தேநீர் அந்தக் காலத்துக் கதைதான். மதிய உணவும் அப்படியே. தனித் தட்டு, தனி மேசை. முகம் கழுவ வேண்டுமென்றால் அவர் சாதியைச் சேர்ந்த பணியாள் ஒருவர்தான் தண்ணீர் கொண்டு வந்து ஓரமாக ஊற்ற வேண்டும்.

பாலு எதிர்த்துப் பேசவில்லை. மண் குவளையைக் கீழே வைத்துவிட்டுத் திடலுக்குள் போய் விக்கெட் எடுத்தார். பூனா ஐரோப்பியர்களை இந்துக்கள் வென்றார்கள். சாத்தாரா நகரத்தில், அவருடைய சுழலை அடக்குவதற்கென்றே நாள்கணக்கில் உருட்டி இறுக்கி வைத்த ஆடுகளத்திலும் அவர் ஏழு விக்கெட்டுகளை வீழ்த்தினார் என்று சொல்வார்கள்.

அந்த வெற்றிகளுக்குப் பிறகு ஊரின் பேச்சு மெல்ல மாறியது. சமூகச் சீர்திருத்தத் தலைவர் மகாதேவ் கோவிந்த் ரானடே பாலுவைப் பொது இடத்தில் பாராட்டினார். ஒன்றாக ஆடுகிறவர்கள் ஒன்றாக உண்ணவும் வேண்டும் என்பது அவர் கருத்து. ஊரின் பெரிய மனிதர் ஒருவர் அப்படி வெளிப்படையாகப் பேசியது அந்நாளில் சிறிய செய்தி அல்ல.

பம்பாய்க்கு வந்த குடும்பம்

1896-இல் மேற்கிந்தியாவில் கொள்ளைநோய் பரவியது. பூனா மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். பாலுவின் குடும்பமும் பம்பாய்க்குப் போனது. அங்கு அவர் சிறிது காலம் இராணுவத்தில் பணியாற்றினார். பின்னர் ரயில்வே நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. வேலைக்கு வேலை, நிறுவனத்தின் குழுவுக்கு விளையாட்டு என்று இரண்டும் சேர்ந்தே நடந்தன.

பம்பாய் கிரிக்கெட்டின் அமைப்பே வேறு. அங்கே ஊர்ப் பெயரில் குழுக்கள் இல்லை. மதத்தின் பெயரிலும் இனத்தின் பெயரிலும்தான் குழுக்கள். ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் ஜிம்கானா என்ற பெயரில் ஒரு விளையாட்டு மன்றம் உண்டு. ஐரோப்பியருக்கும் பார்சிகளுக்கும் இடையே நடந்த ஆட்டத்தில் 1907-இல் இந்துக்கள் சேர்ந்து அது மும்முனைப் போட்டியானது. 1912-இல் முஸ்லிம்களும் சேர்ந்து நான்முனைப் போட்டியானது. இந்தியாவில் அன்று இதைவிடப் பெரிய கிரிக்கெட் போட்டி கிடையாது. ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும்.

புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த இந்து ஜிம்கானாவிலும் பாலுவைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற அதே பழைய கேள்வி எழுந்தது. குழுத் தலைவர் விடாப்பிடியாக நின்றதால் அவர் சேர்க்கப்பட்டார். அவர் பின்னாலேயே தம்பிகள் வந்தார்கள். சிவராம் நல்ல மட்டையாளர். அடுத்து கண்பத். கடைசித் தம்பி விட்டல் எல்லாரையும் விஞ்சும் மட்டையாளராக வளர்ந்தார். ஒரே வீட்டிலிருந்து நான்கு சகோதரர்கள் பம்பாயின் உயர்மட்டக் கிரிக்கெட்டில் ஆடினார்கள்.

1906: ஒரு வெற்றி, இரண்டு பொருள்

1906 பிப்ரவரியில் இந்துக்களும் ஐரோப்பியர்களும் பம்பாயில் மோதினார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சுதேசி இயக்கம் சூடுபிடித்திருந்த நேரம். ஆகவே மக்கள் அதை வெறும் விளையாட்டாகப் பார்க்கவில்லை.

இந்துக்கள் முதல் சுற்றில் 242 ஓட்டங்கள் எடுத்தார்கள். ஐரோப்பியர்கள் 191-க்கு ஆட்டமிழந்தார்கள். இரண்டாம் சுற்றில் இந்துக்கள் 160. வெற்றிக்கு 212 ஓட்டங்கள் தேவை என்ற நிலையில் களமிறங்கிய ஐரோப்பியர்கள் 102-க்குள் சுருண்டார்கள். இந்துக்களுக்கு 109 ஓட்டங்களில் வெற்றி. அந்த இரண்டாம் சுற்றில் ஐந்து விக்கெட்டுகளை எடுத்தவர் பாலு. மொத்தத்தில் அவருக்கு எட்டு விக்கெட்டுகள். பம்பாய் கொண்டாடியது. மறு ஆண்டும் இந்துக்களே ஐரோப்பியர்களை வென்றார்கள்.

இந்த வெற்றியை இரண்டு விதமாகப் பார்த்தார்கள். ஆட்சி செய்கிற வெள்ளையரை இந்தியர் வென்றது ஒன்று. சாதி பார்க்காமல் திறமை பார்த்ததால் கிடைத்த வெற்றி என்பது இன்னொன்று. சீர்திருத்தவாதிகளின் ஏடு இந்த இரண்டாவது பொருளைத்தான் அழுத்திச் சொன்னது. பூனாவில் வெளியே நிறுத்தப்பட்டவருக்குப் பம்பாயில் மற்ற வீரர்களோடு ஒரே பந்தியில் உணவு கிடைத்திருந்தது. பத்து ஆண்டுகளில் நடந்த மாற்றம் அது. அதைச் செய்து காட்டியது பாலுவின் இடது கை.

இங்கிலாந்தில் 114 விக்கெட்டுகள்

1911-இல் எல்லாச் சமூகத்து வீரர்களையும் சேர்த்து இந்தியக் குழு ஒன்று முதல் முறையாக இங்கிலாந்து சென்றது. தலைவர் பட்டியாலாவின் இளம் மகாராஜா பூபிந்தர் சிங். பாலுவும் சிவராமும் குழுவில் இருந்தார்கள்.

அந்த ஆண்டு இங்கிலாந்தில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டு விழா. மகாராஜாவுக்கு விருந்துகளும் விழாக்களும் அதிகம். சில ஆட்டங்கள் மட்டும் ஆடிவிட்டு அவர் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். குழுவின் சிறந்த மட்டையாளராக இருந்தவர் அவருடைய செயலாளர். அவரும் எசமானோடு போக வேண்டியதாயிற்று.

எஞ்சியவர்கள் தொடர்ந்து தோற்றார்கள். 23 ஆட்டங்களில் 6 வெற்றி, 15 தோல்வி, 2 சமன் என்று அந்தப் பயணம் முடிந்தது. ஆனால் தோற்ற குழுவில் ஒருவர் மட்டும் தோற்கவில்லை. தோள்பட்டை வலியோடு பந்து வீசிய பாலு, அந்தக் கோடையில் 114 விக்கெட்டுகளை எடுத்தார். ஒரு விக்கெட்டுக்குச் சராசரியாக 18.84 ஓட்டங்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே சுற்றில் 103 ஓட்டங்கள் கொடுத்து 8 விக்கெட்டுகளை வீழ்த்தினார். லெஸ்டர்ஷயர் மாவட்டக் குழுவை இந்தியர்கள் வென்றபோது 11 விக்கெட்டுகள் அவருடையவை. சோமர்செட்டுக்கு எதிரான வெற்றியில் தம்பி சிவராம் சதம் அடித்தார்.

அப்போது பாலுவுக்கு வயது 35-ஐ ஒட்டியிருந்தது. சுழல் பந்து வீச்சாளரின் நல்ல பருவம் அநேகமாக முடிந்திருந்த வயது. இருபது வயதில் அவர் இங்கிலாந்து போயிருந்தால் என்ன செய்திருப்பார் என்பது கிரிக்கெட் அறிந்தவர்கள் இன்றும் பேசும் பேச்சு.

நாடு திரும்பியபோது பம்பாயின் தாழ்த்தப்பட்ட மக்கள் அவருக்குத் தனியாகப் பாராட்டு விழா எடுத்தார்கள். விழாவில் படிக்கப்பட்ட வாழ்த்து மடலைத் தயாரித்தவர் அப்போது இருபது வயதுக் கல்லூரி மாணவராக இருந்த பீமராவ் அம்பேத்கர் என்று கூறப்படுகிறது. அந்த மாணவருக்கும் அந்த மண்டபத்தில் இருந்தவர்களுக்கும் பாலு ஒரு நாயகர். நம்மால் முடியும் என்பதற்குக் கண்முன் நின்ற சாட்சி.

கொடுக்கப்படாத தலைமை

இந்துக்கள் குழுவில் மூத்தவர், அனுபவசாலி, அதிகம் வென்று கொடுத்தவர் பாலு. அந்தக் குழுவுக்கு அவர்தான் தலைவராகியிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு தலைவர் தேர்வு நடந்தது. ஒருமுறையும் அவர் பெயர் வரவில்லை. சேர்ந்து உண்ணலாம் என்ற அளவுக்கு வந்தவர்கள், அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஆடலாம் என்ற அளவுக்கு வரவில்லை.

1913-இல் எம்.டி. பை தலைவரானார். அவர் பிராமணர். தமக்கு நடந்த பாராட்டு விழாவிலேயே, இந்தப் பெருமை மூத்தவரான தம் நண்பர் பாலுவுக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று பை வெளிப்படையாகச் சொன்னார். கேட்டவர்கள் கைதட்டினார்கள். ஆனால் தேர்வுக் குழு அசையவில்லை.

1920-இல் விவகாரம் வெடித்தது. முதல் ஆட்டத்துக்கு பை உடல்நலமின்றி வர முடியவில்லை. தலைமைப் பொறுப்பு பூனாவின் டி.பி. தேவ்தருக்குப் போனது. தேவ்தர் சிறந்த மட்டையாளர். பின்னாளில் இந்தியக் கிரிக்கெட்டின் மூத்த பெருமகனாக மதிக்கப்பட்டவர். ஆனால் அன்று பல்வாங்கர் சகோதரர்களுக்கு இளையவர். அதோடு பாலு குழுவிலிருந்தே நீக்கப்பட்டார்.

இத்தனை ஆண்டுகள் அண்ணன் பொறுத்தார். தம்பிகள் பொறுக்கவில்லை. சிவராமும் விட்டலும் ஆட்டத்திலிருந்து விலகினார்கள். சாதியின் காரணமாகவே தங்கள் குடும்பம் ஒதுக்கப்படுகிறது என்று அறிக்கை வெளியிட்டார்கள். பம்பாயின் பொதுக் கருத்து அவர்கள் பக்கம் சாய்ந்தது. காந்தியடிகள் தீண்டாமைக்கு எதிராகப் பேசத் தொடங்கியிருந்த காலம் அது. இந்துக்களின் பெயரால் ஆடும் குழு, இந்துக்களில் ஒரு பகுதியை அவமதிக்கலாமா என்று ஏடுகள் கேட்டன.

ஜிம்கானா இறங்கி வந்தது. இறுதி ஆட்டத்தில் பை தலைவராகத் திரும்பினார். பாலு துணைத் தலைவரானார். ஆட்டத்தின் நடுவில் பை வேண்டுமென்றே திடலை விட்டு வெளியே சென்று, சிறிது நேரம் பாலு குழுவை வழிநடத்தும்படி செய்தார். கால் நூற்றாண்டு உழைப்புக்குக் கிடைத்த தலைமை, நண்பர் ஒருவர் ஒதுங்கிக் கொடுத்த அந்தச் சிறிது நேரம்தான்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1923-இல், கடைசித் தம்பி விட்டல் முறைப்படி இந்துக்கள் குழுவின் தலைவராக நியமிக்கப்பட்டார். அந்த ஆண்டின் இறுதி ஆட்டத்தில் அவர் தலைமையில் இந்துக்கள் ஐரோப்பியர்களை வென்றார்கள். உயர்சாதி இரசிகர்கள் விட்டலைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அண்ணன் உழுது போட்ட நிலத்தில் தம்பி அறுவடை செய்தார். கதவைத் திறந்தவருக்கு உள்ளே இடம் கிடைக்கவில்லை. பின்னால் வந்தவருக்குக் கிடைத்தது.

எதிரெதிர் அணியில்

பாலுவின் பிற்கால வாழ்க்கை அரசியலில் கழிந்தது. காந்தியடிகள் மீது அவருக்கு ஆழ்ந்த மரியாதை. அதே வேளையில், ஒருகாலத்தில் அவரைப் போற்றிய மாணவர் அம்பேத்கர், தாழ்த்தப்பட்ட மக்களின் பெருந்தலைவராக வளர்ந்திருந்தார்.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு தாழ்த்தப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதிகளை அறிவித்தது. அதாவது அவர்களுடைய உறுப்பினர்களை அவர்கள் மட்டுமே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். அம்பேத்கர் அதை உரிமையாகப் பார்த்தார். காந்தி அதை இந்து சமூகத்தின் பிளவாகப் பார்த்தார். செப்டம்பர் 20-ஆம் நாள் பூனாவின் எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். பாலு இளம் வயதில் உருளை இழுத்த அதே பூனா.

தமிழகத்தைச் சேர்ந்த தாழ்த்தப்பட்டோர் தலைவர் எம்.சி. ராஜா அப்போது தனித் தொகுதி வேண்டாம், ஒதுக்கீட்டோடு கூடிய பொதுத் தொகுதி போதும் என்ற நிலையை எடுத்திருந்தார். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு பங்கேற்ற இரட்டைமலை சீனிவாசன் தனித் தொகுதியின் பக்கம். பாலு எம்.சி. ராஜாவின் பக்கம் நின்றார். காந்தியின் உயிரைக் காக்க அம்பேத்கரோடு பேச்சு நடத்தியவர்களில் பாலுவும் ஒருவர். செப்டம்பர் 24-இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. தனித் தொகுதி போனது. அதற்குப் பதிலாக மாகாண சட்டசபைகளில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. கையெழுத்திட்டவர்களில் அம்பேத்கர், எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் ஆகியோரோடு பாலுவின் பெயரும் உண்டு.

1935-இல் அம்பேத்கர் தாம் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தபோது, பாலு அதை ஏற்கவில்லை. சமூகத்துக்கு உள்ளே இருந்துதான் மாற்ற வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. அவர் வாழ்க்கை அவருக்கு அப்படித்தான் கற்பித்திருந்தது. வெளியே நிறுத்தினார்கள், திறமையைக் காட்டினார், கதவு கொஞ்சம் திறந்தது. மேலும் காட்டினார், மேலும் கொஞ்சம் திறந்தது. அம்பேத்கரின் வாழ்க்கை வேறு பாடத்தைக் கற்பித்திருந்தது. எல்லாருக்கும் பாலுவின் இடது கை இருக்காது. திறமையே இல்லாத சாதாரண மனிதனுக்கும் குவளையைத் தொடும் உரிமை வேண்டுமல்லவா?

1937-இல் பம்பாய் சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸ் கட்சி அம்பேத்கருக்கு எதிராகப் பாலுவை நிறுத்தியது. தொழிலாளர் வாழும் பகுதியில் போட்டி கடுமையாக இருந்தது. அம்பேத்கருக்கு 13,245 வாக்குகள். பாலுவுக்கு 11,225. வேறுபாடு ஏறக்குறைய இரண்டாயிரம். படித்த சட்ட வல்லுநரான பெருந்தலைவருக்கு எதிராக, படிப்பு அதிகமில்லாத அந்தப் பழைய பந்து வீச்சாளர் பெற்ற வாக்குகள், திடலில் அவர் சேர்த்து வைத்த அன்பின் அளவு.

அரசியலில் அவர் எடுத்த நிலை சரியா தவறா என்று அன்றும் வாதம் உண்டு, இன்றும் உண்டு. காங்கிரஸ் அவரைப் பயன்படுத்திக்கொண்டது என்பவர்களும் இருக்கிறார்கள். அவர் தம் மனத்துக்குச் சரியென்று பட்டதைச் செய்தார் என்பவர்களும் இருக்கிறார்கள். ஒன்று மட்டும் தெளிவு. ஒரே வலியை அனுபவித்த இருவர், அதற்கு மருந்து எது என்பதில் வேறுபட்டார்கள்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது 1932 ஜூனில். பாலுவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிவிட்டது. ஆகவே டெஸ்ட் வீரர்களின் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. முதல்தர ஆட்டங்கள் என்று ஏட்டில் பதிவானவை 33 மட்டுமே. அவற்றில் 179 விக்கெட்டுகள். ஒரு விக்கெட்டுக்கு அவர் கொடுத்த ஓட்டங்கள் சராசரியாக 15.21. உலகில் எந்தக் காலத்துப் பந்து வீச்சாளரும் பெருமைப்படக்கூடிய கணக்கு இது. பூனாவில் மண் குவளைக் காலத்தில் அவர் எடுத்த விக்கெட்டுகள் இந்தக் கணக்கில் சேரவில்லை. வலையில் கிரெய்க்குக்கு வீசிய ஆயிரக்கணக்கான பந்துகளும் சேரவில்லை.

1955 ஜூலை 4-ஆம் நாள் பாலு பம்பாயில் காலமானார். எண்பதை நெருங்கிய வயது. இறுதிச் சடங்குக்குக் கிரிக்கெட் வீரர்களும் அரசியல்வாதிகளும் வந்திருந்தார்கள். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே இந்திய அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து, தீண்டாமையை ஒழித்துவிட்டதாக அறிவித்திருந்தது. அந்தச் சட்டத்தின் வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், பாலுவின் பாராட்டு மடலோடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் அதே மாணவர்தான்.

பாலு எவ்வளவு சிறந்த பந்து வீச்சாளர் என்பதை அவர் காலத்தில் யாரும் மறுக்கவில்லை. திடலில் அவருக்கு இடம் கொடுத்தார்கள், கைதட்டினார்கள், மாலை போட்டார்கள். தலைமையைத்தான் தரவில்லை. திறமையைப் பாராட்டுவது ஒன்று, மனிதரைச் சமமாக மதிப்பது மற்றொன்று. முதலாவதைப் பெற அவருக்குச் சில ஆண்டுகள் போதுமானதாக இருந்தது. இரண்டாவதற்கு அவர் ஆயுள் முழுவதும் பந்து வீச வேண்டியிருந்தது.